கணக்கில் வராத மூன்றாவது கம்பி

41 மீட்டர் செம்புக் கம்பி, மூன்றில் ஒரு பங்கில் ஒரு வெட்டு, வெட்டில் ஒரு 4:1 பாலன், அதிலிருந்து இறங்கும் கோஆக்ஸ். இவ்வளவு போதும், 80 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை எல்லாப் பேண்டும் கிடைத்துவிடும், டியூனரே வேண்டாம். அமெச்சூர் ரேடியோவுக்குப் புதிதாக வரும் எவருக்கும் முதல் மாதத்திலேயே கிடைத்துவிடும் உபதேசம் இது. உபதேசம் செய்பவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எதிர்த்த தென்னைமரம் வரை அப்படி ஒன்று தொங்குகிறது. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.5 காட்டுகிறது. காலை நெட்டில் அவர் குரல் கணீரென்று கேட்கிறது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும் என்று கேட்பார். நிறையவே வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவை விட்டு விலகி ஊட்டப்படும் இந்தக் கம்பியோடு, ஓ.சி.எஃப். என்று நாம் சுருக்கிச் சொல்லும் இந்த ஆன்டெனாவோடு, எனக்குப் பகை கிடையாது. என் வீட்டுக்கு மேலும் ஒன்று இருக்கிறது, இறக்கும் எண்ணமும் இல்லை. சண்டை அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் பேச்சோடுதான். ‘எல்லாப் பேண்டும்’ என்பது கணக்குப்படி நடக்காத காரியம். ‘பாலன் வைத்தாயிற்று’ என்பது பல வீடுகளில் சிக்கலைத் தீர்க்காமல் கூட்டி வைத்திருக்கிறது. இந்த இரண்டையும் மூடி மறைக்கும் சாட்சியாக மேசைமேல் அந்த மீட்டரை உட்கார்த்தி வைத்திருக்கிறோம்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். 3.5 மெகாஹெர்ட்ஸில் 41 மீட்டர் என்பது ஏறத்தாழ அரை அலை நீளம். மின்னோட்டம் நடுவில் உச்சம், இரண்டு முனைகளிலும் சுழி. அதே கம்பியில் 7 மெகாஹெர்ட்ஸை விட்டால் இரண்டு அரை அலைகள் அமர்கின்றன. 14-இல் நான்கு, 21-இல் ஆறு, 28-இல் எட்டு. அடுத்தடுத்த அரை அலைகளுக்கு இடையில் மின்னோட்டம் சுழியாகும் புள்ளி ஒன்று கட்டாயம் இருக்கும். நாம் வெட்டி ஊட்டும் இடத்தில் மின்னோட்டம் தாராளமாக ஓடினால் இம்பீடன்ஸ் நூறு, இருநூறு ஓம் என்று கைக்கு அடங்கி நிற்கும். சுழியில் கொண்டுபோய் வெட்டினால் ஆயிரக்கணக்கில் எகிறும். ஊஞ்சல் சங்கிலியை மேலே கொக்கிக்குப் பக்கத்தில் பிடித்துத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரிந்திருக்கும்.

மூன்றில் ஒரு பங்கில் வெட்டினால் 1, 2, 4, 5, 7, 8 ஆகிய மடங்குகளில் அந்த இடத்து மின்னோட்டம் உச்சத்தில் 87 விழுக்காடு. அருமையான இடம்தான். ஆனால் மூன்றாவது மடங்கிலும் ஆறாவது மடங்கிலும் அதே வெட்டு சுழிமேல் விழுகிறது. ஆறாவது மடங்கு நம் 15 மீட்டர் பேண்ட், 21 மெகாஹெர்ட்ஸ். மூன்றாவது மடங்கு 30 மீட்டர் பேண்டுக்கு அருகில், 10 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் போயிற்று. கட்டியவர் கைக்குறையோ கம்பியின் தரக்குறையோ இதற்குக் காரணம் இல்லை, மூன்று என்ற எண்தான் காரணம்.

“அப்படியானால் ஐந்தில் ஒரு பங்குக்கு நகர்த்திவிடு” என்பார்கள். நகர்த்தலாம். 21 எழுந்து உட்காரும், உடனே ஐந்தாவது மடங்கான 18 மெகாஹெர்ட்ஸ் படுத்துவிடும். பேண்டுக்குப் பேண்ட் இம்பீடன்ஸ் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறி இறங்கும் தொந்தரவு வேறு. சரி, வம்பே வேண்டாம் என்று நட்டநடுவில் ஊட்டினால் அது இரண்டில் ஒரு பங்கு; 2, 4, 6, 8 என்று இரட்டைப்படை மடங்குகள் அத்தனையும் சுழியில் விழும். இந்தப் பின்னங்களுக்கு இடையில் ஓர் இடத்தைத் தேடிப் பிடித்தால் எந்தப் பேண்டும் முழுதாகச் சாகாது, ஆனால் ஒன்றிரண்டு எப்போதும் நோயாளியாகவே கிடக்கும். வெட்டும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் எந்தப் பேண்டை இழப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான். இதைச் சொல்லி விற்றால் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

பிறகு ‘எல்லாப் பேண்டும்’ என்ற வாசகம் எங்கிருந்து முளைத்தது? ஒரு காலத்தில் அது ஏறக்குறைய உண்மையாக இருந்தது, அங்கிருந்துதான். 1927-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு அமெச்சூர்களுக்கு ஒதுக்கியவற்றில் 3.5, 7, 14, 28 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் பேண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் முந்தையதன் இரட்டிப்பு. லோரன் விண்டம் என்ற அமெரிக்க ஹாம், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளை ஒட்டி எழுதிய கட்டுரை 1929 செப்டம்பர் கியூ.எஸ்.டி. இதழில் வந்தது. இந்த ஆன்டெனாவுக்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது. அவர் காலத்துப் பேண்டுகளில் மூன்றாவது மடங்கும் கிடையாது, ஆறாவது மடங்கும் கிடையாது. 21 மெகாஹெர்ட்ஸ் நமக்குக் கிடைத்தது 1947-இல் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில். 10, 18, 24 மூன்றும் 1979-இல் ஜெனிவாவில் கிடைத்தவை. இடையில் பேண்டுகளின் எண்ணிக்கை இரட்டிப்பான பிறகும், நான்கு பேண்டுக்குச் சரியாக இருந்த சொல்லை ‘எல்லாம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உயிரோடு இருக்கும் பேண்டுகளாவது ஒழுங்காக வரிசையில் நிற்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. கம்பியின் முனைகள் அதன் மின்நீளத்தைச் சற்றே கூட்டிக்காட்டும். எத்தனை அரை அலைகள் அமர்ந்தாலும் முனைகள் இரண்டே இரண்டு என்பதால், மேல் பேண்டுகளின் ஒத்ததிர்வு சரியான இரட்டிப்பைத் தாண்டிப் போய் நிற்கும். 41.2 மீட்டர் கம்பிக்குப் பழைய கைப்புத்தகச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: 3.46, 7.10, 14.38, 28.94. நம் நாட்டில் 40 மீட்டர் பேண்ட் 7.0 முதல் 7.2 வரை, 7.10 அதற்கு நட்டநடு. சந்தோஷம். ஆனால் 3.46 என்பது 80 மீட்டர் பேண்டுக்கு வெளியே, கீழே. 14.38 என்பது 20 மீட்டர் பேண்டின் மேல் எல்லையான 14.35-ஐயும் தாண்டி. வீட்டு வயரிங்குக்கு வாங்கிய பி.வி.சி. உறை போட்ட ஒயரில் கட்டினால் எல்லாமே இன்னும் இரண்டு மூன்று விழுக்காடு கீழே இறங்கும். ‘41 மீட்டர், 13.7-க்கு 27.3’ என்று வேதவாக்காக ஓதுகிறவர்கள் எந்த ஒயரில், எவ்வளவு உயரத்தில் என்று சொல்வதே கிடையாது.

திசையைப் பற்றியோ மூச்சே விடுவதில்லை. ‘டைபோல்தானே, ஊட்டும் இடம் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது’ என்பது பரவலான நினைப்பு. 80 மீட்டரில் சரி. 40 மீட்டரில் அப்படிச் சொல்ல முடியாது. அதே கம்பியை நடுவில் ஏணிக் கம்பி கொண்டு ஊட்டினால் 7 மெகாஹெர்ட்ஸில் இரண்டு பாதிகளும் ஒரே திசையில் சேர்ந்து தள்ளும், கம்பிக்குச் செங்குத்தான திசையில் அலை குவியும். மூன்றில் ஒரு பங்கில் ஊட்டினால் இரண்டு பாதிகளும் எதிரெதிராக ஓடி, செங்குத்தான திசையில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பத்து மீட்டர் உயரத்தில் கட்டி மதுரைக்கும் கோவைக்கும் பேசுகிறவருக்கு இது உறைக்காது. அவருடைய அலை எப்படியும் தலைக்கு மேலே போய் அயனிமண்டலத்தில் பட்டுக் கீழே இறங்குகிறது.

20 மீட்டரில் உறைக்கும். கம்பி அங்கே இரண்டு அலை நீளம். கம்பியின் அச்சிலிருந்து சுமார் 36 பாகை விலகி நான்கு திசைகளில் அலை குவிகிறது, செங்குத்தாக ஒன்றும் போவதில்லை. சென்னையில் ஒருவர் கிழக்கு மேற்காகக் கம்பி கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு குவியங்களும் வடக்கிலிருந்து 54, 126, 234, 306 பாகைகளில் விழும். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ டோக்கியோ, சிட்னி, ஜோஹன்னஸ்பர்க், ரோம். இதைவிட யோகம் ஒரு கம்பிக்கு வாய்க்காது! நேர் வடக்கே இருக்கும் டெல்லிக்காரர் மட்டும் “சிக்னல் ரொம்ப வீக், ஓ.எம்.” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நம்மவர் பாலனை மாற்றுவார், கோஆக்ஸை மாற்றுவார், ரிக்கைக்கூட மாற்றுவார். கம்பியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் கம்பியின் சங்கதி. பெரிய கோளாறு அதற்குக் கீழே தொங்குகிறது.

கோஆக்ஸ் கேபிளில் இரண்டு கடத்திகள் என்று படித்திருக்கிறோம்: உள்கம்பி, பின்னல் உறை. ரேடியோ அதிர்வெண்ணில் அது மூன்று. 14 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் 0.02 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே முடங்கிவிடுகிறது. பின்னலின் உட்புறத்தில் ஓடுவதும் வெளிப்புறத்தில் ஓடுவதும் ஒன்றையொன்று தொடாத இரண்டு தனி ஓட்டங்கள். உட்புறத்தில் ஓடுவது நாம் அனுப்புவது. வெளிப்புறத்தில் ஓடுவதை நாம் அனுப்பவில்லை, அதுவாகவே வழி தேடிக்கொண்டு இறங்குகிறது. ஆன்டெனாவின் ஃபீட் பாயின்டில் தொடங்கி, சுவரோரமாக இறங்கி, ஜன்னல் வழியாக உள்ளே வந்து, ரிக்கின் உலோக உடலில் ஏறி, அங்கிருந்து மைக், கம்ப்யூட்டர், வீட்டு எர்த் என்று பரவும் ஒரு முழுக் கம்பி அது. அலையை வீசவும் வாங்கவும் அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நடுவில் ஊட்டும் டைபோலில், கேபிள் நேராகக் கீழே இறங்கினால், இந்த மூன்றாவது கம்பிக்கு வேலை குறைவு. இரண்டு பக்கமும் சமச்சீராக இருப்பதால் ஒரு முனையின் அழுத்தத்தை மறு முனை ஈடுகட்டி, வெட்டின் சராசரி அழுத்தம் பூமியைப் பொறுத்துச் சுழியாக நிற்கிறது. ஓ.சி.எஃப்.பில் அந்தச் சமச்சீரை நாமே கத்தரித்துவிட்டோம். வெட்டின் இரு முனைகளும் பூமியைப் பொறுத்து வெவ்வேறு அழுத்தத்தில் நிற்கும், சராசரி சுழியாகாது. அந்தச் சராசரி அழுத்தம்தான் பின்னலின் வெளிப்புறத்தைப் பிடித்துத் தள்ளுகிறது.

இங்கே ஒரு தவறான விளக்கம் வழக்கமாக வந்து நிற்கும்: ‘ஒரு கால் குட்டை, ஒரு கால் நீளம், அதனால் இரண்டிலும் வெவ்வேறு மின்னோட்டம் ஓடுகிறது.’ இல்லை. வெட்டுக்கு இந்தப் பக்கம் போகும் மின்னோட்டமும் அந்தப் பக்கம் வரும் மின்னோட்டமும் சமமாகவே இருக்க முடியும். ஒரே கம்பியின் தொடர்ச்சிதானே அது. மூன்றாவது கம்பி நடுவில் நுழைந்து தன் பங்கை எடுத்துக்கொண்டால்தான் அவை வேறுபடும். நோயின் விளைவை நோயின் காரணம் என்று சொல்லிவிட்டால், மருந்தும் தப்பாகத்தான் போகும்.

தப்பாகத்தான் போயிருக்கிறது. சந்தையிலும் நண்பர்கள் கையிலும் புழங்கும் 4:1 பாலன்களில் கணிசமானவை ‘வோல்டேஜ் பாலன்’ வகை. பெல் ஆய்வகத்தின் ரத்ராஃப் 1959-இல் வெளியிட்ட வடிவம். இரண்டு முனைகளையும் கேபிளின் பின்னலைப் பொறுத்துச் சமமான, எதிரான அழுத்தத்தில் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. சமச்சீரான ஆன்டெனாவில் இதனால் கெடுதல் இல்லை. ஓ.சி.எஃப்.பின் முனைகளோ இயல்பிலேயே சமமாக இருக்க மறுப்பவை. அங்கே இதைப் பொருத்தினால் பின்னல் நேராக அந்தச் சராசரி அழுத்தத்திலேயே கொண்டுபோய்க் கட்டப்படுகிறது, வெளிப்புற ஓட்டத்துக்கு ராஜபாட்டை திறக்கிறது. இதற்கு வேண்டியது சுவிட்சர்லாந்தின் குவனெல்லா 1944-இல் தந்த கரண்ட் பாலன். இம்பீடன்ஸை மாற்றுவதோடு, இரண்டு பக்கமும் சமமான மின்னோட்டம் மட்டுமே போகும்படி வெளிப்புற ஓட்டத்தை அது மறிக்கிறது. அதிலும் 4:1 வடிவத்துக்கு இரண்டு தனி வளையங்கள் வேண்டும். ஒரே வளையத்தில் சுற்றிவிட்டுக் குவனெல்லா என்று பெயர் எழுதி ஒட்டினால் இந்த ஆன்டெனாவுக்கு அது உதவாது.

வளையத்தின் ரகத்தைக் கேட்பவரும் அபூர்வம். ரிச்சி தெருவிலும் ஹாம் சந்தைகளிலும் கைக்கு வரும் சிவப்பு நிற வளையம் இரும்புத்தூளில் செய்தது, காந்த உட்புகுதிறன் 10. டியூனரின் சுருளுக்கு அது தங்கம். வெளிப்புற ஓட்டத்தை மறிக்க அது போதவே போதாது. அந்த வேலைக்கு 31 ரக ஃபெரைட், உட்புகுதிறன் 1500. 61 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தக் கறுப்பு வளையத்தில் கோஆக்ஸையே பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால், வெளிப்புற ஓட்டத்துக்குச் சில ஆயிரம் ஓம் குறுக்கே நிற்கும். விலை அதிகம்தான். இரும்பு வளையத்தில் முப்பது சுற்றுச் சுற்றினாலும் அது வராது.

இந்த மூன்றாவது கம்பி உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று அறிய ஆய்வகம் எதுவும் வேண்டாம். கிளிப் போல மூடும் ஃபெரைட் துண்டு ஒன்று, அதில் மெல்லிய எனாமல் கம்பி பத்துச் சுற்று, ஒரு ஓ.ஏ.79 டயோடு, ஒரு சின்ன கெபாசிட்டர், மல்டிமீட்டர். கோஆக்ஸைச் சுற்றிக் கிளிப்பை மூடி, 10 வாட் கேரியர் விட்டு, ஷாக்கிலிருந்து, அதாவது ரேடியோ அறையிலிருந்து, மாடிப்படி வழியாகக் கேபிளோடு நடந்து போங்கள். கேபிளின் உள்ளே ஓடுவது இந்தக் கிளிப்பில் பதிவாகாது. போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்துவிடும். முள் அசைந்தால் அது வெளிப்புற ஓட்டம் மட்டுமே. ஓர் இடத்தில் உச்சத்துக்கு ஏறி, சில மீட்டர் தள்ளிச் சரிந்து, மறுபடி ஏறும். ஆன்டெனாக் கம்பியில் எப்படி நிலை அலை நிற்குமோ அப்படியே உங்கள் கேபிளிலும் நிற்கிறது என்று அர்த்தம். இந்தக் கிளிப்பும் செய்ய நேரமில்லை என்றால், மீட்டரைப் பார்த்துக்கொண்டே கேபிளைக் கையால் பிடியுங்கள், இழுத்து வேறு பக்கம் போடுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மாறினால், நீங்கள் பிடித்திருப்பது ஆன்டெனாவின் ஒரு பகுதி.

அது ஆன்டெனாவாக இருப்பதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். அனுப்பும்போது உதட்டில் மைக் சுள்ளென்று கடிக்கும், மவுஸ் உறையும், பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் நம் குரல் கரகரக்கும். இவை பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லைகள். வாங்கும்போது நடப்பதுதான் மோசம். எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர், கூரைமேல் சோலார் என்று வீட்டில் இன்று இரைச்சல் கிளப்பாத பொருளே இல்லை. அத்தனையும் மின் ஒயரிங்கில் ஏறி, எர்த் வழியாக ரிக்கின் உடலுக்கு வந்து, பின்னலின் வெளிப்புறம் வழியாக மாடிக்கு ஏறி, ஃபீட் பாயின்டில் உள்ளே நுழைந்து, வானத்திலிருந்து வந்த சிக்னலோடு கைகோத்து ரிசீவருக்குத் திரும்புகிறது.

‘ஓ.சி.எஃப். இரைச்சல் பிடிக்கும் ஆன்டெனா, நடுவில் ஊட்டும் டைபோல்தான் யோக்கியம்’ என்று எதிர்க்கட்சியில் நிற்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும் செம்புக் கம்பிக்கு வீட்டு இரைச்சலை மட்டும் பொறுக்கி எடுக்கும் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. இரைச்சலைக் கொண்டுவருவது கேபிள். ஃபீட் பாயின்டில் ஒரு நல்ல சோக் (மேலே சொன்ன ஃபெரைட் வளையச் சுற்று), கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்று வைத்துவிட்டுப் பேசட்டும். பாலனே இல்லாமல், கேபிளை ஒரு காலுக்கு இணையாகச் சாய்த்து இழுத்த டைபோலும் இதே இரைச்சலை வாரிக்கொண்டுவரும். அந்த யோக்கியரையும் கிளிப்பை மாட்டிச் சோதித்தால் தெரியும்.

இப்போது அந்த மீட்டர். அதன்மேல் நமக்கிருக்கும் பக்தி சாதாரணமானதல்ல. 1.5 காட்டினால் ஆன்டெனா பாஸ், 3 காட்டினால் ஃபெயில். மூன்றாவது கம்பி வீசுவதும், அது வீட்டுச் சுவரைச் சூடாக்கி வீணடிப்பதும்கூட மீட்டரின் கணக்கில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்ட சக்தி’தான். சொல்லப்போனால் அந்த விரயம் வளைகோட்டைத் தட்டையாக்கி எண்ணை அழகாக்கும். ‘என் ஓ.சி.எஃப். எல்லாப் பேண்டிலும் 2-க்குக் கீழே’ என்று ஒருவர் மார்தட்டினால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது அவர் கேபிள்மேல்தான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 21 மெகாஹெர்ட்ஸ், மேலே சொன்ன சுழியில் ஊட்டம். பாலனுக்குப் பிறகும் கேபிளின் மேல்முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்துக்கு அது மிகையான எண்ணில்லை. கேபிள் 30 மீட்டர் ஆர்.ஜி. 58, பொருத்தமான சுமையில் அதன் இழப்பு சுமார் 2 டெசிபெல். மேலே மோதித் திரும்பும் அலை வரும் வழியிலும் தேய்ந்துவிடுவதால், கீழே ஷாக்கில் மீட்டர் காட்டுவது 15 அல்ல, ஏறக்குறைய 3.5. சாதாரண டியூனர் ஒன்று இரண்டு முறை கடகடத்துவிட்டு அதை 1-க்குக் கொண்டுவந்துவிடும். திரையில் எல்லாம் சுபம். 100 வாட்டில் ஆன்டெனாவைத் தொடுவது 21 வாட்தான், மீதி 79 வாட் கேபிளைச் சூடாக்குகிறது. இன்னும் மட்டமான, இன்னும் நீளமான கேபிளைப் போட்டால் மீட்டர் இன்னும் நல்ல எண்ணைக் காட்டும். வால்டர் மேக்ஸ்வெல் என்ற பொறியாளர், டைரோஸ்-1 வானிலைச் செயற்கைக்கோளின் ஆன்டெனாவில் உழைத்தவர், இந்த எஸ்.டபிள்யூ.ஆர். மோகத்தை எதிர்த்து 1973 முதல் கியூ.எஸ்.டி.யில் தொடர் எழுதினார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் மேசைகளில் எதுவும் மாறவில்லை.

“நீ என்ன வேண்டுமானாலும் கணக்குப் போடு, நான் தினமும் பேசுகிறேன்” என்பது கடைசி ஆயுதம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஹாம் ரேடியோ பேசுவதற்குத்தான். ஆனால் பேச முடிகிறது என்பது ஆன்டெனாவுக்குத் தரும் சான்றிதழ் ஆகாது. மூன்றாவது கம்பியும் அலை வீசும் என்று மேலேயே சொன்னேன். இன்று பலர் பெருமையாகக் காட்டும் தொலைதூரத் தொடர்புகள் 2017-இல் வந்த எஃப்.டி.8 முறையில் கிடைத்தவை. காது எதையும் கேட்க முடியாத அளவுக்கு இரைச்சலுக்கு அடியில் புதைந்த சிக்னலையும் தோண்டி எடுப்பதற்கென்றே செய்த முறை அது. 2024-ஐ ஒட்டிய சூரியப் புள்ளி உச்சத்தில் 10 மீட்டர் பேண்ட் துணிக்கொடியைக்கூட ஆன்டெனாவாக ஏற்றுக்கொண்டது. உண்மையில் ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு ஆன்டெனாக்களைக் கட்டி, ஒரு ஸ்விட்ச் வைத்து, ஒரே நிமிடத்தில் மாற்றி மாற்றிப் போட்டு, தூரத்து ஸ்டேஷன்கள் தரும் டெசிபெல் எண்களைப் பல நாள் குறித்துக்கொள்ள வேண்டும். டபிள்யூ.எஸ்.பி.ஆர். அதற்காகவே இருக்கிறது, செலவும் இல்லை. அதைச் செய்துவிட்டு வருகிறவரோடு நான் மகிழ்ச்சியாக வாதாடுவேன்.

விண்டத்தின் மூல ஆன்டெனாவிலும் கேபிளுக்குப் பதில் ஒற்றைக் கம்பிதான் இறங்கியது, பூமிதான் திரும்பும் வழி, அதுவும் அலை வீசியது என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. 1929-இல் வீட்டில் இருந்தது நாலு குண்டு பல்பு. ரிக்கை ஒட்டி ஒரு கம்ப்யூட்டர் இல்லை, அடுத்த வீட்டில் வைஃபை ரூட்டர் இல்லை. கீழே இறங்கும் கம்பியும் வீசும் என்று தெரிந்தே கட்டினார்கள். நாம் கோஆக்ஸைப் போட்டுவிட்டு, அது வீசாது என்று நம்பிக்கொண்டு கட்டுகிறோம்.

ஆகவே, புதிதாக ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ் வாங்கி, 50 வாட்டோடு என்னிடம் வந்து ஓ.சி.எஃப். கட்டலாமா என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது: கட்டு. 80, 40, 20, 17, 10-க்கு ஒரே கம்பியில் இதைவிடச் சுளுவான வழி கிடையாது. கொஞ்சம் நீளமாக வெட்டித் தொங்கவிட்டு, எந்தப் பேண்டில் அதிகம் பேசப் போகிறாயோ அதற்கு ஏற்றபடி முனையை மடக்கு. கம்பி எந்தத் திசையில் போகிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கட்டு. இரண்டு வளையக் கரண்ட் பாலனும், அதற்குக் கீழே தனியாக ஒரு சோக்கும் இல்லாமல் கேபிளை மேலே ஏற்றாதே. காசு போதவில்லை என்றால் சோக்குக்கு முதலில் செலவு செய், ரிக்கின் விலையில் குறைத்துக்கொள். மீட்டர் காட்டுவதை எழுதிவை, கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி ஒருமுறை எழுதிவை. 15 மீட்டரில் பேச ஆசை இருந்தால் இந்தக் கம்பியிடம் கேட்காதே. அதற்குத் தனியாக ஒரு டைபோல் கட்டிக்கொள், ஆறே முக்கால் மீட்டர் ஒயர் போதும்.